சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே சில படிகள்

டீக்கடை பெஞ்சில் செய்தித்தாள் விரிந்து கிடக்கிறது. "பரோலில் வெளியே வந்தார்" என்று ஒரு தலைப்பு. அதைப் படித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்: "பார்த்தீர்களா, ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்." அது அடுத்தவர் காதுக்குப் போகும்போது "விடுதலை" ஆகிவிடுகிறது. டீ ஆறுவதற்குள் சட்டத்தின் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் ஒன்றாகக் கரைந்துவிட்டன. டீக்கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சி விவாதங்களிலும் இதே குழப்பம்தான்.

தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த பேரறிவாளன் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1991-ல் கைதான அவர், உடல்நலம் குன்றிய தந்தையைப் பார்க்க 2017 ஆகஸ்டில் ஒரு மாத விடுப்பில் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் வழங்கியது. அதே ஆண்டு மே 18 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. மூன்று முறையும் அவர் போனது வீட்டுக்குத்தான். ஆனால், போன வாசல்கள் வேறு வேறு.

வாசல்கள் எவை?

ஜாமீன் என்பது வழக்கு முடியாதவருக்கானது. விசாரணை நடந்துகொண்டிருக்கலாம், அல்லது தண்டனையை எதிர்த்த மேல்முறையீடு நிலுவையில் இருக்கலாம். "கூப்பிடும்போது வந்துவிட வேண்டும்" என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் அவரை வெளியே விடுகிறது. இதற்கு மட்டும்தான் நீதிமன்றப் படியேறுவது வழக்கமான வழி.

பரோல், தண்டனை பெற்றவருக்கானது. இந்தச் சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கு 'வாக்கு' என்றே பொருள். போரில் பிடிபட்ட வீரன் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே போகும் வழக்கத்திலிருந்து வந்தது. தாயின் மரணம், மகளின் திருமணம் என ஏதாவது ஒரு காரணம் இருந்தால் அரசோ சிறைத்துறையோ சில நாட்களுக்கு அனுப்பிவைக்கிறது.

ஃபர்லோவும் தற்காலிகமாக வெளியே அனுப்புவதுதான். ஆனால் இதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. நீண்ட தண்டனையில் இருப்பவர், ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், குடும்பத்தோடு தொடர்பு அற்றுப்போகாமலிருக்க ஆண்டில் சில நாட்கள் வீட்டுக்குப் போய்வரலாம்.

நான்காவது வாசல் தண்டனைக் குறைப்பு. நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் ஒரு பகுதியை அரசு கழிப்பதற்கு இந்தப் பெயர். அதன் பலனாக ஒருவர் காலத்துக்கு முன்பே வெளியேறினால் அது முன்விடுதலை. இதில்தான் திரும்பிவர வேண்டிய கட்டாயம் இல்லை.

பரோலுக்கும் ஃபர்லோவுக்கும் உள்ள இன்னொரு வேறுபாடு அரசு ஊழியர் குடும்பங்களுக்குச் சட்டென்று புரியும். சம்பளமில்லா விடுப்பில் போனால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. ஈட்டிய விடுப்பில் போனால் சேரும். பரோல் முதல் வகை. பரோலில் இருந்த நாட்களைச் சிறையில் கழித்த நாட்களாகக் கணக்கிட முடியாது என்று கோவா வழக்கொன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபர்லோ நாட்கள் பொதுவாகத் தண்டனைக் காலத்தோடு சேர்ந்தே ஓடும். ஆக, பரோலில் ஒரு மாதம் வெளியே இருந்தவருக்கு அந்த மாதம் மிச்சமாவதில்லை, பின்னுக்குத் தள்ளிப்போகிறது.

இங்கே இன்னொரு பிடிவாதமான நம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன். "ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடம்தானே?" இல்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றம் ஒன்றில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகள் முடியும் முன் முன்விடுதலை செய்யக் கூடாது என்பதே சட்டம். அது குறைந்தபட்ச வரம்பு. அந்த நாளில் கதவு தானாகத் திறந்துகொள்ளாது; அரசிடம் மனுப் போடும் தகுதி வருகிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வழக்கு முடியாதவருக்கு ஜாமீன். தண்டனை பெற்றவர் போய்த் திரும்பி வருவதற்குப் பரோலும் ஃபர்லோவும். திரும்பாமல் போவதற்கு முன்விடுதலை.

நாற்றங்காலில் நடப்பது

இவையெல்லாம் எதற்கு? தண்டனை கொடுத்தால் முழுக்க உள்ளேயே வைத்திருக்க வேண்டியதுதானே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல ஒரு தக்காளி நாற்றுப் போதும்.

நிழல்வலைக் கூடத்தில் வளர்ந்த நாற்றை அப்படியே பிடுங்கி உச்சிவெயில் அடிக்கும் வயலில் நட்டால் மறுநாளே துவண்டுவிடும். அதனால் நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைப்பார்கள், வலையை விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுவார்கள். விவசாயத் துறை இதைக் 'கடினப்படுத்துதல்' என்கிறது. நாற்று வயலுக்குப் போவது உறுதி என்பதால்தான் இந்தப் பாடு.

சிறையிலும் அந்த உறுதி இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் வெளியே வரப்போகிறவர்கள். எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கு அணைவது என எல்லாவற்றையும் பத்து ஆண்டுகள் பிறர் முடிவுசெய்த பிறகு, ஒரு காலையில் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது ஒரு வழி. தண்டனை முடியும் முன்பே சிறிது சிறிதாக வெளியுலகைப் பழக்குவது இன்னொரு வழி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. தமிழில் 'பகுதிச் சிறைவாசம்' எனலாம். நாளின் கணிசமான பகுதி அடைப்பில், மீதி ஊருக்குள் என்று அதை வரையறுக்கிறது. பகலில் வேலைக்குப் போய் இரவில் விடுதிக்குத் திரும்புவதும், கண்காணிப்புக் கருவியோடு வீட்டிலேயே இருப்பதும் அதில் அடங்கும். இந்தியாவில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் விடுப்பும் திறந்தவெளிச் சிறையும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

ஒரு விடுப்பு மனுவின் பயணம்

சிறை மாநிலங்களின் அதிகாரத்தில் வருவதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. தமிழ்நாட்டில் இருப்பது 'தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982'. செய்தித்தாள்தான் பரோல் என்கிறது. விதியில் உள்ள சொல் விடுப்பு. அது இரண்டு வகை. நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. சில ஆண்டுகளைச் சிறையில் கழித்த பிறகு, கூடுதல் நாட்களுக்குக் கிடைப்பது சாதாரண விடுப்பு. விதியின் தலைப்பில் உள்ள 'நிறுத்திவைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியே இருக்கும்போது தண்டனையின் கடிகாரம் நின்றுவிடுகிறது.

மனுவைச் சிறைவாசியே எழுதலாம், அல்லது மனைவியோ தாயோ எழுதலாம். அது கண்காணிப்பாளர் மேசைக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு கேள்விகள் ஊருக்குப் பயணமாகின்றன. ஒன்று காவல் நிலையத்துக்கு: இவர் வந்தால் சட்டம் ஒழுங்குக்குப் பாதகம் வருமா? மற்றொன்று நன்னடத்தை அலுவலருக்கு. குற்றவாளியின் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தருவதும், வெளியே இருப்பவரை மேற்பார்வையிடுவதும் இவர் வேலை.

இந்த நன்னடத்தை அலுவலரின் விசாரணையைத்தான் நான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியாக நினைக்கிறேன். அவர் அந்தத் தெருவுக்குப் போகிறார். வீடு இருக்கிறதா, ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார். கொலை வழக்கு என்றால் பெரும்பாலும் செத்தவரின் வீடு நான்கு வீடு தள்ளித்தான் இருக்கும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அவன் பத்து நாள் வந்து போனால் உங்களுக்கு என்ன?" என்று கேட்பது சாதாரண வேலை இல்லை. அவர்களின் அச்சம் கற்பனையும் இல்லை. "இந்த ஊருக்குள் வரக் கூடாது, வேறு ஊரில் அக்கா வீட்டில் தங்க வேண்டும்" என்று நிபந்தனை போடும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைச் சரியாகப் போட வேண்டுமென்றால் ஒருவர் மெனக்கெட்டு அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும். மேசையிலிருந்தே "ஆட்சேபம் உண்டு" என்று ஒரு வரி எழுதுவது எளிது. எழுதியவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அனுமதித்துவிட்டு ஏதாவது நடந்தால்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்திலும் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அனுமதி கிடைத்தால் அடுத்து ஒரு சொல் வரும்: வழிக்காவல். போலீஸ் துணையோடு போய்வருவது. வழிக்காவலுடனா, வழிக்காவல் இன்றியா என்பதை உத்தரவிலேயே குறிப்பிடுவார்கள். சாவு வீட்டுக்கு நான்கு காவலர்களோடு போவதற்கும், தனியாக பஸ்ஸில் போய் இறங்குவதற்கும் உள்ள தூரத்தை அனுபவித்தவர்களே சொல்ல முடியும். குறித்த நேரத்தில் சிறை வாசலில் வந்து நிற்காவிட்டால் விடுப்பு ரத்தாவதோடு, அதுவே புதுக் குற்றமாகவும் ஆகலாம்.

சுருக்கமாக: விடுப்பு கேட்டதும் கிடைத்துவிடும் உரிமையில்லை, விதிகளின்படி தரப்படும் சலுகை. அது கிடைப்பதும் கிடைக்காததும் ஊரிலிருந்து வரும் இரண்டு அறிக்கைகளைப் பொறுத்தது.

பூட்டில்லாத சிறை

ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் 1963-ல் தொடங்கிய திறந்தவெளி முகாம் ஒன்று இருக்கிறது. அப்போதைய ராஜஸ்தான் ஆளுநர் சம்பூர்ணானந்தின் பெயரைத் தாங்கியது. இதைச் சிறை என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். உயர்ந்த மதில் இல்லை. சிறைவாசிகள் தாங்களே எழுப்பிக்கொண்ட சிறு வீடுகளில் மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் வருகைக் கணக்கெடுப்பு. அது முடிந்ததும் ஒருவர் கொத்து வேலைக்கு, ஒருவர் தொழிற்சாலைக்கு, இன்னொருவர் காவலாளி வேலைக்கு. ஆம், கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஒரு கட்டடத்துக்குக் காவலாளி. மாலையில் மீண்டும் கணக்கெடுப்பு. சிறையிலிருந்து சாப்பாடு வராது. சம்பாதித்துத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். அன்றாட நிர்வாகத்தை, சிறைவாசிகளே அமைத்துக்கொண்ட பஞ்சாயத்து பெரிதும் கவனித்துக்கொள்கிறது.

திறந்தவெளிச் சிறை என்பதன் வரையறை இங்கேயே கிடைத்துவிடுகிறது: மதிலுக்குப் பதில் நம்பிக்கையும் கணக்கெடுப்பும் காவல் காக்கும் சிறை. யாரை வேண்டுமானாலும் இங்கே அனுப்புவதில்லை. தண்டனையில் ஒரு பகுதியை மூடிய சிறையில் கழித்து, நன்னடத்தையும் காட்டியவர்களே வர முடியும். தப்பி ஓட நினைத்தால் ஓடலாம். ஆனால் பிடிபட்டால் மீண்டும் மூடிய சிறைக்குப் போக வேண்டும், கட்டிய வீடும் கூடியிருந்த குடும்பமும் போய்விடும். அந்தக் கணக்கு மதிலைவிட உறுதியானது.

கேரளத்தில் திருவனந்தபுரம் அருகே நெட்டுகால்தேரியில் ரப்பர் தோட்டத்தோடு ஒரு திறந்தவெளிச் சிறை 1962 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பு ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஆனால் நம்முடையவை பெரும்பாலும் பண்ணைகள். வளாகத்துக்குள்ளேயே பயிர் வளர்ப்பு, கால்நடை வளர்ப்பு. குடும்பத்தோடு வாழ்வதும், ஊருக்குள் போய்த் தானே வேலை தேடிக்கொள்வதும் சாங்கானேரின் தனித்தன்மை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

இங்கே வெளியுலகத்தை நேருக்கு நேர் சந்திக்க வைப்பது சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகள்தாம். புழல் பக்கம் போனபோது ஒருமுறை வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன். பம்ப்பைப் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். "பூஜ்ஜியம் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்றார். பணத்தை எண்ணி வாங்கி, சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கைகாட்டி அழைத்தார். அவர் தண்டனைக் கைதி என்பது எனக்குப் பலகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நாளெல்லாம் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரோடு இரண்டு வார்த்தை பேசுவதும், அவர்கள் பணத்தைக் கையில் வாங்குவதும் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாத பயிற்சி.

இடிக்கும் இடங்கள்

முதல் இடி எண்ணிக்கையில். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறில் எழுபத்தாறு பேர். பரோல், ஃபர்லோ, திறந்தவெளிச் சிறை எதுவும் பொதுவாக இவர்களுக்குக் கிடையாது, ஏனென்றால் இவர்கள் இன்னும் தண்டிக்கப்படவில்லை. குற்றம் உறுதியானவருக்குத் தாயின் சாவுக்குப் போக விதி இருக்கிறது. குற்றம் உறுதியாகாதவர் இடைக்கால ஜாமீன் கேட்டு நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அதுவும் இல்லை. சீர்திருத்தம் பற்றிய பேச்சுகள் பலவும் மீதி இருபத்துநான்கு பேரைப் பற்றியவை.

இரண்டாவது, இந்த ஏற்பாடு முழுவதும் 'வீடு' என்ற ஒன்றை எடுத்த எடுப்பிலேயே நம்பி நிற்கிறது. போய்ச் சேர ஒரு முகவரி வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். கணவனைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற பெண்ணுக்குப் புகுந்த வீடு மூடிவிட்டது, பிறந்த வீடும் பெரும்பாலும் மூடிவிடும். நடைபாதையில் வாழ்ந்தவருக்கு முகவரியே இல்லை. யாருக்கு இந்தப் படிகள் அதிகம் தேவையோ அவர்களுக்கே முதல் படி எட்டுவதில்லை. இதற்கு மாற்று யாரும் அறியாத ஒன்றல்ல. பல நாடுகளில் இருப்பதுபோல, வீடில்லாதவர்கள் விடுப்பு நாட்களில் தங்க ஓர் இடைநிலை விடுதி. விடுதலையானவர்களுக்கு உதவ இங்கே சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை விடுதலைக்குப் பிறகு தொடங்குகிறது. அதைச் சில ஆண்டுகள் முன்னே இழுத்தால் போதும்.

நேரமும் ஒரு தடை. சாவுக்குக் கேட்ட விடுப்பு பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிடைத்தால் அந்த உத்தரவை என்ன செய்வது? பதில் வராத அறிக்கைக்கு ஒரு கெடு வைத்து, கெடு தாண்டினால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளலாம். ரேஷன் அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாள் கணக்கு வைக்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை.

இன்னொரு பக்கம், செல்வாக்கு இருந்தால் கதவு எப்படித் திறக்கும் என்பதையும் நாடு பார்த்தது. பாலியல் வன்கொடுமை வழக்கில் 2017-ல் 20 ஆண்டு தண்டனை பெற்ற ஹரியானாச் சாமியார் குர்மீத் ராம் ரஹீம் பரோலிலும் ஃபர்லோவிலும் திரும்பத் திரும்ப வெளியே வந்தார், சில முறை தேர்தலை ஒட்டி. அதைப் பார்ப்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தின் விலையைக் கொடுப்பவர் அந்தச் சாமியார் இல்லை. அடுத்த மாதம் மனுப் போடும் யாரோ ஒரு கூலித் தொழிலாளி. யாருக்கு, எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் விடுப்பு கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு சிறையும் பெயர் இல்லாமல் வெளியிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும்.

கணுக்காலில் ஒரு கருவி

2023-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு மாதிரிச் சிறைச் சட்டத்தை வெளியிட்டது. 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக மாநிலங்கள் எடுத்துக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டு. கண்காணிப்புக் கருவி அணியச் சம்மதித்தால் விடுப்பு தரலாம் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. கணுக்காலில் கட்டும் பட்டை. இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதே ஆண்டு நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீசார், ஜாமீனில் வந்த ஒருவருக்கு அதை மாட்டினார்கள்.

வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று மறுக்கப்படும் விடுப்பு இதனால் கிடைக்குமென்றால் நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கருவி வந்துவிட்டால், எந்தக் காவலும் இல்லாமல் போய் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருப்பவருக்கும் அதை மாட்டத் தோன்றும். எல்லையைத் தாண்டியதைப் பட்டை சொல்லும். தாண்டத் தோன்றாமல் செய்வதற்கு நன்னடத்தை அலுவலர்தான் வேண்டும். பட்டை வாங்கும் பணத்தில் அலுவலர் பணியிடங்கள் எத்தனையை நிரப்பலாம் என்ற கணக்கையும் யாராவது போட வேண்டும்.

வெளியே வந்த முதல் நாள்

2012-ல் சென்னையில் நடந்த ஒரு குற்றத்துக்காகப் புழல் போனவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள்கூட விடுப்பில் போகாமல் தண்டனையை முடித்து வெளியே வருகிறார். 2,000 ரூபாய் நோட்டு 2016-ல் வந்ததும் 2023-ல் திரும்பப் பெறப்பட்டதும் அவர் கை படாமலே நடந்து முடிந்துவிட்டன. டீ குடித்துவிட்டுக் காசை நீட்டினால், கடைக்காரர் சில்லறைக்கு அலுத்துக்கொண்டு மேசையில் ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான படத்தைக் காட்டுகிறார். ஆதார் இல்லாமல் வங்கிக் கணக்கைப் புதுப்பிக்க முடியாது. குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?

பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் இறங்கி, திருநெல்வேலி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறார். தென்மாவட்ட பஸ்களுக்கென்று கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்றே திறக்கப்பட்டுவிட்டது. வழி கேட்கப்பட்டவர் போனை எடுத்து, "மேப்பில் போட்டுப் பாருங்கள், காட்டும்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

அதே நாளில் அதே வாசல் வழியாக வெளியே வந்த இன்னொருவர், 2024-க்குப் பிறகு ஒருமுறை தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போய்வந்தவர். அவர் கோயம்பேட்டில் இறங்கவே இல்லை. கிளாம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.